அணையக் கூடாத பெட்டி

மத்திய சிறை, வேலூர்
8 அக்டோபர் 2025

துளசி,

நேற்று போனில் நான் சொன்னதில் பாதி உன் காதில் விழவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஒருவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். படிக்கட்டும். மறைக்க ஒன்றுமில்லை.

வக்கீல் கண்ணாயிரம் வந்திருந்தார். பக்கத்து நிலத்து முனிரத்தினம் அண்ணனை நான் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்று சாலையில் போட்டேன் என்று வழக்கு. கம்பி என்று அவர்கள் எடுத்துப்போனது, சோலார் பேனலுக்குச் சட்டம் அடித்தபோது மிஞ்சிய ஆங்கிள் துண்டு. அதைவிடப் பெரிய சாட்சி என் வாய். போன தை மாதம் டீக்கடையில் பத்துப் பேர் எதிரில் நான் அவரிடம் சொன்னேன்: "மரத்த வெட்ட மாட்டியா? உன் தலைய வெட்டினாதான் என் பேனலுக்கு வெயில் வரும்." சொன்னது உண்மை. இல்லை என்று சொல்ல முடியாது.

நம் பக்கம் இருப்பது கேட் கேமராவின் பதிவு. செப்டம்பர் 14 இரவு, மணல் ஏற்றிய டிப்பர் லாரி விளக்கில்லாமல் வந்து அவரை இடித்துவிட்டு நிற்காமல் போனது அதில் இருக்கிறது. மறுநாள் காலை நான் பார்த்தேன். மத்தியானம் என்னைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

பதிவு நம் பரண்மேல் இருக்கும் சர்வர் பெட்டியில் இருக்கிறது. இனி எழுதுவதைக் கவனமாகப் படி. பெட்டி ஓடும்வரை உள்ளே இருக்கும் டிஸ்க் திறந்திருக்கும். ஒரு நிமிடம் கரண்ட் நின்றாலும் பூட்டிக்கொள்ளும். பிள்ளையார்பாளையத்துப் புடவை டிசைன்காரர்கள் என்னிடம் வைத்திருக்கும் கோப்புகள் ஒருவருடையது இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது என்று நானே போட்ட பூட்டு அது. திறக்கும் சாவி ஒரு பென்டிரைவில் இருந்தது. பென்டிரைவ் என் சாவிக்கொத்தில் இருந்தது. சாவிக்கொத்தை போலீஸ் வாங்கிக்கொண்டது. பறிமுதல் பட்டியலில் மூன்று சாவி என்று எழுதியிருக்கிறார்கள், பென்டிரைவ் இல்லை. வேறு பிரதியும் நான் வைக்கவில்லை. வைத்தால் திருடுபோகும் என்று நினைத்தேன்.

நீ உன் போனில் அந்தக் காட்சியைப் படம் பிடித்ததை கோர்ட்டில் ஏற்க மாட்டார்களாம். ஓடும் பெட்டியிலிருந்து கோர்ட் அனுப்பும் நிபுணர் எடுக்க வேண்டும். வக்கீல் மனு போட்டிருக்கிறார். அதுவரை பெட்டியை இடம் மாற்றவும் கூடாது. கை வைத்ததாகச் சொல்வார்கள்.

ஃபிரிட்ஜை நிறுத்திவிடு. மின்விசிறி வேண்டாம். இன்வெர்ட்டர் திரையில் பேட்டரி இருபத்து மூன்று வோல்ட்டுக்குக் கீழே போகவிடாதே. இருபத்தொன்றரைக்கு வந்தால் அதுவே எல்லாவற்றையும் அணைத்துவிடும்.

குரு


ஓரிக்கை
16 அக்டோபர் 2025

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

ஃபிரிட்ஜை நீங்கள் எழுதுவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். மின்விசிறியும் இல்லை. ஒரு விளக்கு மட்டும் சமைக்கும்போது. பெட்டி, கேமரா, பதிவைப் பார்க்கச் சுவரில் மாட்டிய டேப்லெட், இவைதான் ஓடுகின்றன. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். காலையில் பேனலைத் துடைக்கிறேன். போலீஸ்காரர்கள் பரண்வரை ஏறினார்கள், அந்தப் பெட்டியை இன்வெர்ட்டரின் ஒரு பாகம் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனார்கள் என்பதை வக்கீலிடம் சொன்னேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

பட்டுக்கடையில் என்னை பில் மேசையிலிருந்து எடுத்து உள்ளே புடவை மடிக்கும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று முதலாளி நினைக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. "உள்ள நிம்மதியா இருக்கும்மா" என்றார்.

டிசைன்காரர் வசந்த் இரண்டு முறை வந்து அவர் கோப்புகளைக் கேட்டார். உங்கள் லேப்டாப் போலீசிடம் இருக்கிறது, எடுக்க எனக்குத் தெரியாது என்றேன். வாசலில் நின்றுகொண்டு, "கம்பமே இல்லாத வூட்ல கம்ப்யூட்டர வெச்சான் பாரு, அவன்கிட்ட குடுத்தேன் பாரு, என்ன சொல்லணும்" என்றார்.

அவர் சொன்னதை நான் உங்களிடம் எத்தனையோ தடவை வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். இந்த வீட்டுக்கு லைன் இழுக்க முனிரத்தினம் அண்ணன் வரப்பில் இரண்டு கம்பம் நட வேண்டியிருந்தது. அவர் முடியாது என்றார். நான் போய் அவர் மனைவி வடிவு அக்காவிடம் பேசுகிறேன் என்றேன். "எவன் வரப்பும் வேணாம், என் வெயிலு எனக்குப் போதும்" என்றீர்கள். பேனல் வந்தது. அடுத்த மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்ததும் அவர் புங்க மரத்து நிழல் பேனல்மேல் ஏறியது. அப்போதும் போய்ப் பேசுகிறேன் என்றேன். நீங்கள் டீக்கடைக்குப் போனீர்கள்.

நிழல் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வலது பக்கப் பேனல் இருண்டுவிடுகிறது. இன்று காலை இருபத்து நான்கு காட்டியது.

துளசி


மத்திய சிறை, வேலூர்
23 அக்டோபர் 2025

துளசி,

நடந்ததைப் பேச இப்போது நேரமில்லை. நான் வெளியே வந்தபிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் பேசு.

நிபுணர் நவம்பர் 28 அன்று வீட்டுக்கு வர உத்தரவாகியிருக்கிறது. இன்னும் ஐந்து வாரம். நிழல் நாளுக்கு நாள் நீளும். நடுவில் மழை. நம் இடம் கையகலம். பேனலை எங்கே நகர்த்தினாலும் அந்த மரம்தான். எலக்ட்ரீசியன் தனுஷிடம் லாரி பேட்டரி ஒன்று இருக்கிறது. அவன் கடையில் சார்ஜ் செய்து கொண்டுவந்து கோக்கச் சொல். பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்டுப் பார்.

இங்கே என்னோடு இருப்பவர்களில் ஒருவர் பத்து வருடமாக ஜாமீன், விசாரணை, மறுபடி உள்ளே என்று இருக்கிறார். "கேமரா இருக்குதா? அப்ப நீ போயிடுவப்பா" என்று தினமும் சொல்கிறார். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் தூங்குகிறேன்.

மனு போட்டு என்னைப் பார்க்க வராதே. நீ வேலூர் வந்து திரும்பும் நேரத்தில் அங்கே ஏதாவது ஆகிவிட்டால் எல்லாம் போச்சு.

குரு


ஓரிக்கை
1 நவம்பர் 2025

தீபாவளி முடிந்ததிலிருந்து மழை. தனுஷ் இரண்டு முறை பேட்டரி கொண்டுவந்து கோத்தார். மூன்றாம் முறை, "அக்கா, கடைக்கு வர்றவங்கலாம் ஒரு மாரி பேசறாங்க, நீங்களே ஆட்டோ வெச்சி எடுத்துக்கினு போங்க" என்றார். எடுத்துக்கொண்டு வருகிறேன். பந்தல்காரர் வடிவு அக்காவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பது உங்களுக்கு நினைவில்லை போலிருக்கிறது. கொலைக் கேஸ் வீட்டுக்கு ஜெனரேட்டர் தருவதில்லை என்று கடைப்பையனிடம் சொல்லியனுப்பினார்.

அதனால் நேற்று வடிவு அக்கா வீட்டுக்கே போனேன். நீங்கள் போகச் சொல்லவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குந்து என்று சொல்லவில்லை. நின்றபடியே கேட்டேன்: புங்க மரத்தில் நம் பக்கம் சாயும் கிளைகளை மட்டும் கழிக்கவிட முடியுமா என்று.

கையை நிறுத்தாமலே பேசினார். "ஆளு உசுரோட இருக்கும்போது உன் புருஷன் கேட்டாரு. கிடைக்கல. இப்ப ஆள அனுப்பிட்டு கிளையக் கேட்டுக்கினு வந்து நிக்கிறியா?"

"லாரி இடிச்சதுக்கா. பொட்டியில இருக்குது. பொட்டி நின்னுட்டா அதுவும் பூடும்."

"உன் வூட்டுப் பொட்டி உன் வூட்டுக்காரனுக்குத்தாம்மா பேசும்."

"நீங்க வந்து ஒரு தபா பாருங்கக்கா. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

அக்கா கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இன்று காலை இருபத்து மூன்று.

துளசி


மத்திய சிறை, வேலூர்
7 நவம்பர் 2025

துளசி,

உனக்குப் புத்தி இருக்கிறதா? எதிர்த்தரப்புக்காரர்களை வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறாய். அந்த அம்மாள் ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கிப் போட்டால் என்ன செய்வாய்? கண்ணாயிரத்தைக் கேட்காமல் யாரையும் உள்ளே விடாதே.

பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதே. டேப்லெட்டும் கரண்ட் தின்னும். அந்தம்மா வந்தே தீருவேன் என்றால், 11.40 முதல் 11.45 வரை மட்டும் காட்டு. லாரி வருவதும் போவதும் அதற்குள் முடிந்துவிடும். மேற்கொண்டு ஒன்றுமில்லை, வெறும் சாலைதான். ஒரு பெண் பார்க்கக்கூடிய காட்சி அல்ல அது. அவருடைய நல்லதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காய்ச்சல் வந்து போயிற்று. இப்போது பரவாயில்லை.

குரு


ஓரிக்கை
17 நவம்பர் 2025

காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். குறைந்துவிட்டதா? கண்ணாயிரம் சாரிடம் மாத்திரை கொடுத்தனுப்பினேன், உள்ளே விட்டார்களா தெரியவில்லை.

போன வாரம் நான்கு நாள் வெயிலே இல்லை. புதன்கிழமை காலை இருபத்திரண்டு காட்டியது. கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் வடிவு அக்கா வந்தார். குடையை மடக்கி வாசலிலேயே வைத்துவிட்டு, "காட்டு" என்றார்.

டேப்லெட் எதிரில் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. நீங்கள் எழுதியபடி 11.40லிருந்து ஓட்டினேன். அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். லாரி வந்தது, போனது. நான் நிறுத்தக் கையை நீட்டினேன்.

"நிறுத்தாதம்மா. ஓடட்டும்" என்றார்.

நான் இதற்கு முன் அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தேன். முதல் நாள் நீங்கள் அவ்வளவுதான் என்றீர்கள். அதற்கு மேல் பார்க்க எனக்கும் துணிவில்லை.

ஓடியது. சாலையோரத்தில் அண்ணன் கிடக்கிறார். இடது கை மேலே எழுகிறது, விழுகிறது. மறுபடி எழுகிறது. அக்கா, "இருக்கிறாரு" என்றார். இப்போது நடப்பதுபோலச் சொன்னார். "பாரு, இருக்கிறாரு."

12.10க்கு நம் கேட் விளக்கு எரிந்தது. நீங்கள் வந்தீர்கள். லுங்கி, மேலே துண்டு, கையில் டார்ச். கேட்டைத் திறந்து சாலைவரை போனீர்கள். டார்ச்சை அவர் காலில் அடித்தீர்கள், பிறகு சைக்கிள்மேல் அடித்தீர்கள். அவர் கை அப்போதும் அசைந்தது. நின்றீர்கள். இரண்டு பக்கமும் சாலையைப் பார்த்தீர்கள். பிறகு உள்ளே வந்து கேட்டைச் சாத்தினீர்கள். விளக்கு அணைந்தது.

நான் அன்று உங்கள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். நீங்கள் எழுந்து போனது தெரியாது.

அவர் கை ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்புவரை அசைந்தது. அக்கா அதற்குப் பிறகும் நின்றுகொண்டிருந்தார். பால் வண்டிக்காரர் வந்து இறங்கும்வரை பார்த்தார். வேகமாக ஓட்டிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அந்த நான்கு மணி நேரத்தையும் அப்படியே நின்று பார்த்தார். நானும் கூட நின்றேன்.

போகும்போது ஒன்று கேட்டார். "இது நின்னுட்டா இது எல்லாமே பூடுமா?"

ஆமாம் என்றேன்.

மறுநாள் விடியற்காலை மழையோடு மழையாக மரம் அறுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கிளை என்று நினைத்தேன். அடியோடு அறுக்கச் சொன்னார். பந்தல்காரர் ஓடிவந்து, "வடிவு, பைத்தியமா உனக்கு? அவன் வெளியில வர்றதுக்கு நீயே வழி பண்றியா?" என்று கத்தினார்.

"லாரி இடிச்சதும் தெரியட்டும். இவன் வந்து பாத்துட்டுப் போனதும் தெரியட்டும். ரெண்டும் கோர்ட்டுக்குத் தெரியணும்ணே. அதுவரிக்கும் பொட்டி நிக்கக் கூடாது" என்றார். பிறகு அவரிடமே, "உன் ஜெனரேட்டர எடுத்துக்கினு வந்து வைய்யி" என்றார். வைத்தார்.

இன்று காலை இருபத்து ஐந்து. நீங்கள் போன பிறகு இவ்வளவு காட்டியதில்லை.

துளசி


மத்திய சிறை, வேலூர்
24 நவம்பர் 2025

துளசி,

உன் கடிதத்தைப் படித்துப் பார்த்துக் கொடுத்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்வதை ஒருமுறை கேள். அவர் குடித்துவிட்டு விழுந்து கிடப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். மாட்டுப் பொங்கலன்று நம் கேட் எதிரிலேயே கிடந்தார், நீதான் தண்ணீர் தெளித்தாய். அன்றும் அப்படித்தான் என்று நினைத்தேன். டார்ச் அடித்தீர்களே என்பாய். அடித்தேன். ரத்தம் எனக்குத் தெரியவில்லை. கை அசைந்தது என்கிறாய். அசைந்ததால்தான் ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

தொட்டால் விடிந்ததும், குரு என்னை அடித்தான் என்று ஊரைக் கூட்டுவார். அன்று என் மனதில் இருந்தது அவ்வளவுதான். தை மாதம் அப்படிப் பேசிய பிறகு, நான் அவர் பக்கத்தில் நின்றதாக ஒருவர் பார்த்தாலும் போதும். அதற்குப் பயந்து உள்ளே வந்தேன். கடைசியில் அதையேதான் என்மேல் போட்டிருக்கிறார்கள். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ எப்படிப் பார்ப்பாய் என்று தெரியும்.

இப்போது ஒன்று செய். நிபுணர் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை வேண்டும் என்று கேட்பார். 11.40 முதல் 11.45 வரை என்று சொல். வழக்குக்கு அது போதும். மீதி என்னைக் குற்றவாளி ஆக்காது, கண்ணாயிரமே சொல்கிறார். ஆனால் ஊரில் நாம் இருக்க வேண்டும். நீ கடைக்குப் போக வேண்டும். உனக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். 28ஆம் தேதி வடிவு அக்கா நம் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஏதாவது சொல்லி அனுப்பு.

இதைத் தபாலில் சேர்க்கவில்லை, ஜாமீனில் வெளியே போகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

குரு


ஓரிக்கை
7 டிசம்பர் 2025

28ஆம் தேதி மழைக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். நிபுணர் நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை வந்தார். கூட கோர்ட் ஊழியர் ஒருவர், கண்ணாயிரம் சார், போலீஸ் தரப்பில் ஒருவர். பெட்டி நிற்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து ஒருமுறையும் நிற்கவில்லை.

வடிவு அக்காவை எங்கும் அனுப்பவில்லை. காலை எட்டு மணிக்கே வந்து பரணுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் சொன்ன மாதிரியே நிபுணர் கேட்டார்: "எந்த டைம்லேர்ந்து எந்த டைம் வரைக்கும்மா?" கண்ணாயிரம் சார் என்னைப் பார்த்தார். அவருக்கும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று புரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஐந்து நிமிடம் என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. கடையில் புடவை மடிக்கும் இடத்திலிருந்தும் எடுத்துவிடுவார்களே என்று தோன்றியது.

அக்கா சொன்னார்: "ராத்திரி பூரா எடுங்க சார். பால் வண்டி வர்ற வரிக்கும்."

நிபுணர் என்னிடம் திரும்பி, "வீட்டுக்காரம்மா நீங்கதானே? சொல்லுங்க" என்றார்.

"அவங்க சொல்ற மாதிரியே எடுங்க சார்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் ஜாமீன் கிடைத்துவிடும் என்று கண்ணாயிரம் சார் சொல்கிறார். கொலை வழக்கு நிற்காதாம். லாரியின் நம்பர் பலகைமேல் சேறு பூசியிருக்கிறது, ஓட்டியவன் தெரியவில்லை. கண்டுபிடிப்பது கஷ்டம் என்று போலீஸ் தரப்பில் வந்தவர் அங்கேயே சொல்லிவிட்டார். அந்த இரவின் பதிவில், அண்ணனைத் தவிர, முகம் தெரிகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

கடிதத்தைக் கிழிக்கச் சொல்லியிருந்தீர்கள். கிழிக்கவில்லை. வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு, இனி எதற்கு என்று பெட்டியை நிறுத்தக் கையை வைத்தேன். அக்கா, "வேணாம்மா" என்றார். கோர்ட்டுக்குப் போனது ஒரு இரவு மட்டும். மற்ற நாட்களின் பதிவு பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஜூலையிலிருந்து தினமும் இரண்டு வேளை அண்ணன் நம் கேட்டைத் தாண்டிப் போயிருக்கிறார். காலையில் மண்வெட்டியோடு, மாலையில் புல்லுக்கட்டோடு. ஒருநாள் கேமராவைப் பார்த்துக் காறித் துப்புகிறார். அதைப் பார்த்து அக்கா சிரித்தார். மரம் அறுத்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வருகிறார். நான் கடையிலிருந்து வரும்வரை வாசலில் காத்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு நாள் என்று போட்டுக் காட்டச் சொல்கிறார். இன்னும் ஆகஸ்ட் வரவில்லை.

பேனல்மேல் இப்போது சாயங்காலம்வரை வெயில் விழுகிறது. பேட்டரி மதியமே நிரம்பிவிடுகிறது. தானாக இனி இது நிற்காது. நிறுத்த வேண்டும் என்றால் நீங்கள் வந்து, அக்கா எதிரில் நிறுத்துங்கள். நான் செய்ய மாட்டேன்.

துளசி